வட அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் கன்று ஈனும் பருவமும் பனிப்புயல்களும்

வட அமெரிக்காவின் பெருஞ்சமவெளிப் பகுதியில் உள்ள இறைச்சி மாட்டுப் பண்ணைகளில் பசுக்கள் ஆண்டுக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஒரே காலத்தில் கன்று ஈனுகின்றன. இதுவே கன்று ஈனும் பருவம் எனப்படுகிறது. பல பண்ணைகளில் இது பிப்ரவரி இறுதியில் தொடங்கி ஏப்ரல் வரை நீடிக்கும். அப்பகுதியின் கடுமையான பனிப்புயல்கள் பலவும் இதே மாதங்களில்தான் வீசுகின்றன. எனவே தாயின் வயிற்றில் 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் இருந்த கன்று, சில நிமிடங்களில் உறைநிலைக்குக் கீழான காற்றில், நனைந்த உடலுடன் வந்து விழுகிறது. அடுத்த சில மணி நேரத்தில் நடப்பதே அக்கன்றின் வாழ்வையும், பண்ணைக் குடும்பத்தின் அந்த ஆண்டு வருமானத்தையும் முடிவு செய்கிறது.

நிலமும் காலநிலையும்

பெருஞ்சமவெளி என்பது ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே, கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் மாநிலங்களிலிருந்து தெற்கே டெக்சஸ் வரை பரவியுள்ள புல்வெளி நிலமாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மொன்டானா, வயோமிங், வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா ஆகிய மாநிலங்களின் பகுதிகள் இதில் அடங்கும். மழை குறைவான இந்நிலத்தின் பல பகுதிகள் உழவைவிட மேய்ச்சலுக்கே ஏற்றவை. நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அப்பகுதியில் மணல்மேடுகளைப் புல்தான் பிடித்து வைத்திருக்கிறது. உழுதால் மணல் பறக்கும். மாடு மேய்த்தால் நிலமும் நிற்கும், பிழைப்பும் நடக்கும். நெப்ராஸ்கா மாநிலத்தில் மனிதர்களைவிட மாடுகளின் எண்ணிக்கை மூன்று மடங்கு அதிகம்.

இச்சமவெளிக்கு வடக்கிலோ தெற்கிலோ மலைத்தடுப்பு இல்லை. வடதுருவப் பகுதியின் குளிர்ந்த வறண்ட காற்றும், மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றும் தடையின்றி வந்து இங்கே மோதுகின்றன. குளிர்காலம் முடியும் தறுவாயில் இந்த மோதல் வலுவடைகிறது. சனவரி மாதப் பனி பெரும்பாலும் உலர்ந்த பொடியாக இருக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வரும் பனியோ ஈரம் மிகுந்தது, கனமானது. சில நேரங்களில் முதலில் மழை பெய்து மாடுகளை நனைத்துவிட்டு, பிறகு அதுவே பனியாக மாறும்.

அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் வரையறைப்படி, மணிக்கு 56 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட காற்றுடன், வீசும் பனியால் கண்ணுக்கு எட்டும் தொலைவு 400 மீட்டருக்கும் குறைந்து, அந்நிலை மூன்று மணி நேரமாவது நீடித்தால் அது பனிப்புயல். இவ்வரையறையில் வெப்பநிலை இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. புயலின் கொடுமை குளிரில் மட்டும் இல்லை. காற்றும் ஈரமும் அதில் பங்கு கொள்கின்றன.

ஏன் இந்தக் காலம்?

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 283 நாட்கள். சூன் 1ஆம் நாள் காளைகளை மந்தையில் விட்டால், முதல் கன்றுகள் மார்ச் 11ஆம் நாளையொட்டிப் பிறக்கும். ஆகவே கன்று எந்தப் பருவநிலையில் பிறக்க வேண்டும் என்பதைப் பண்ணையாளர் ஒன்பது மாதங்களுக்கு முன்பே, கோடை வெயிலில் நின்று, முடிவு செய்துவிடுகிறார். அந்த நாளில் புயல் வருமா என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

ஓர் ஆண்டின் 365 நாட்களில் 283 நாட்களைக் கழித்தால் மீதி 82 நாட்கள். ஆண்டுதோறும் அதே காலத்தில் ஒரு கன்று கிடைக்க வேண்டுமானால், ஈன்ற பசு இந்த 82 நாட்களுக்குள் உடல் தேறி, மீண்டும் சினையாக வேண்டும். பால் கொடுக்கும் பசுவுக்குத் தீனித் தேவை மிக அதிகம். மார்ச்சில் ஈன்ற பசுவுக்கு மே, சூன் மாதப் பசும்புல் அந்த வலுவைத் தருகிறது. கன்றும் சற்று வளர்ந்து, புல்லைக் கடித்துத் தின்னும் நிலையில் இருக்கும்.

வேறு காரணங்களும் உண்டு. கன்றுகள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பால் மறக்கடிக்கப்பட்டு, எடைக்கு விற்கப்படுகின்றன. முன்னதாகப் பிறந்த கன்று அந்நாளில் அதிக எடையுடன் இருக்கும். பயிர்த்தொழிலும் செய்யும் குடும்பங்களுக்கு, வசந்தகால விதைப்பு தொடங்குமுன் கன்று ஈனும் வேலை முடிந்துவிட்டால் கைகள் ஓய்வாகும். உறைந்து கிடக்கும் தரை, பனி உருகிய பிறகு வரும் சேற்றைவிடத் தூய்மையானது என்பதும் ஒரு கணக்கு.

கன்று ஈனும் கட்டங்கள்

ஈனும் நாள் நெருங்கும்போது பசுவின் மடி பெருக்கும். அறை தளர்ந்து வீங்கும். பசு வாலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிலைகொள்ளாமல் நடக்கும். மந்தையை விட்டு விலகித் தனியிடம் தேடுவதும் அதன் இயல்பு. நல்ல வானிலையில் இந்த இயல்பு தாயும் கன்றும் ஒன்றையொன்று அறிந்துகொள்ள உதவுகிறது. புயலில் இதுவே ஆபத்தாகிறது. தனித்துச் சென்ற பசு, பனி வந்து குவியும் பள்ளத்தில் ஈன்றுவிட்டால் கன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதே கடினம்.

ஈனுதல் மூன்று கட்டங்களாக நிகழ்கிறது. முதற்கட்டத்தில் கருப்பை வாய் விரிகிறது. இதற்குப் பொதுவாக இரண்டு முதல் ஆறு மணி நேரம் ஆகும். இரண்டாம் கட்டத்தில் பனிக்குடம் தோன்றி, கன்று வெளிவருகிறது. முன்பே ஈன்ற பசுவுக்கு இது அரை மணி நேரத்திலும், தலையீற்றுக் கிடாரிக்கு ஒரு மணி நேரத்திலும் முடிய வேண்டும். மூன்றாம் கட்டத்தில் நஞ்சுக்கொடி விழுகிறது.

கன்று இயல்பாக வரும்போது இரு முன்னங்கால்களும், அவற்றின் மேல் படிந்த தலையும் முதலில் தெரியும். ஒரு கால் மடங்கியிருந்தாலோ, தலை பின்னால் திரும்பியிருந்தாலோ, பின்பக்கம் முதலில் வந்தாலோ மனிதக் கை தேவைப்படும். பண்ணையாளர் கையைக் கழுவி, வழவழப்பான நீர்மம் தடவி, உள்ளே கைவிட்டுக் கன்றின் நிலையைச் சரிசெய்வார். பிறகு கன்றின் கால்களில் சங்கிலி பூட்டி, பசு முக்கும்போது மட்டும் இழுப்பார். இதற்கென நெம்புகோல் போன்ற இழுகருவியும் உண்டு. கன்று பெரிதாக இருந்து வழி குறுகலாக இருந்தால் கால்நடை மருத்துவர் வயிற்றைக் கீறிக் கன்றை எடுப்பார். ஆனால் புயல் நேரத்தில் சாலைகள் மூடப்பட்டிருக்கும். மருத்துவர் வர இயலாது. அதனால் தலையீற்றுக் கிடாரிகளுக்குச் சிறிய கன்றுகளைத் தரும் மரபுடைய காளைகளைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலான பண்ணைகளின் வழக்கம். இதுவும் ஒன்பது மாதங்களுக்கு முன்பே செய்துகொள்ளும் புயல் ஏற்பாடுதான்.

குளிர், ஈரம், காற்று

உலர்ந்த, அடர்ந்த குளிர்கால மயிருள்ள பசு ஏறத்தாழ உறைநிலைக்குக் கீழ் 8 பாகை செல்சியஸ் வரை கூடுதல் தீனி இல்லாமலே உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும். அதே பசு நனைந்துவிட்டால் அந்த எல்லை 15 பாகைக்கு ஏறிவிடும். மயிர்களுக்கிடையே தங்கும் காற்றுதான் பசுவின் போர்வை. நீர் அதை அழித்துவிடுகிறது. எல்லைக்குக் கீழே குறையும் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் பசுவுக்கு ஏறத்தாழ 1.8 விழுக்காடு கூடுதல் ஆற்றல் தேவைப்படும் என்பது பண்ணைகளில் வழங்கும் கணக்கு.

இக்கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். உலர்ந்த பசு உறைநிலைக்குக் கீழ் 18 பாகைக் குளிரில் நிற்கிறது. எல்லையிலிருந்து 10 பாகை குறைவு. கூடுதல் தேவை 18 விழுக்காடு. நனைந்த பசு சரியாக உறைநிலையில் நிற்கிறது. எல்லையிலிருந்து 15 பாகை குறைவு. கூடுதல் தேவை 27 விழுக்காடு. மழையும் பனியும் கலந்த மார்ச் மாத நாள், கடுங்குளிரான சனவரி நாளைவிடக் கொடியதாவது இப்படித்தான்.

பிறந்த கன்றின் நிலை இன்னும் மோசம். அதன் உடல் முழுவதும் பனிக்குட நீரில் நனைந்திருக்கிறது. அந்த நீர் ஆவியாகும்போது உடல் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. 35 முதல் 40 கிலோ எடையுள்ள சிறிய உடலில், எடையோடு ஒப்பிடத் தோற்பரப்பு அதிகம். வெப்பம் விரைவாக வெளியேறும். இதற்கு எதிராகக் கன்றிடம் இரண்டு இயற்கைக் கருவிகள் உள்ளன. ஒன்று, நடுக்கம். மற்றொன்று, வெப்பத்தை உண்டாக்குவதற்கென்றே அமைந்த பழுப்புக் கொழுப்பு. இக்கொழுப்பு சிறிதளவே உள்ளது. சில மணி நேரத்தில் கரைந்துவிடும். அதற்குள் கன்று எழுந்து நின்று பால் குடித்தாக வேண்டும்.

தாய் கன்றை நக்குவது இங்கே உயிர்காக்கும் செயலாகிறது. நக்குவதால் உடல் உலர்கிறது, குருதியோட்டம் தூண்டப்படுகிறது, கன்று எழுந்திருக்க உந்தப்படுகிறது. காற்றில்லாத இடத்தில், உலர்ந்த வைக்கோலின்மேல், தாய் நக்கித் துடைத்த கன்று கடுங்குளிரையும் தாங்கும். அதே கன்று காற்று வீசும் திறந்தவெளியில் ஈரத்தோடு கிடந்தால், உறைநிலைக்குச் சற்று மேலான வெப்பநிலையில்கூட இறந்துவிடக்கூடும்.

இதனால் வெப்பநிலையை மட்டும் கூறும் வானிலை அறிவிப்பு பண்ணையாளர்களுக்குப் போதவில்லை. மொன்டானாவின் கிளாஸ்கோ நகரில் உள்ள தேசிய வானிலைச் சேவை அலுவலகம், பிறந்த கால்நடைக் கன்றுகளுக்கான தனிக் குளிர் எச்சரிக்கையை உருவாக்கியது. வெப்பநிலையோடு காற்று, மழை அல்லது பனியின் ஈரம், வெயில் ஆகியவற்றையும் சேர்த்து இது கணிக்கப்படுகிறது. பின்னர் வேறு அலுவலகங்களும் இதைப் பின்பற்றின.

சீம்பால்

மனிதக் குழந்தை கருவில் இருக்கும்போதே நோய் எதிர்ப்பொருள்கள் சிலவற்றைத் தாயின் குருதியிலிருந்து பெற்றுவிடுகிறது. பசுவின் நஞ்சுக்கொடி அமைப்பு இதற்கு இடம் தருவதில்லை. கன்று எந்தப் பாதுகாப்பும் இல்லாமலே பிறக்கிறது. ஈன்றதும் சுரக்கும் சீம்பாலில்தான் எதிர்ப்பொருள்கள் செறிந்துள்ளன. கன்றின் குடல் அவற்றைச் சிதைக்காமல் முழுதாகக் குருதிக்குள் அனுப்பும் திறனைப் பிறந்தவுடன் பெற்றிருக்கிறது. மணிக்கு மணி குறைந்துவரும் இத்திறன், 24 மணி நேரத்தில் ஏறத்தாழ முடிந்துவிடும். பிறகு குடிக்கும் பால் வயிற்றை நிரப்பும். ஆனால் அந்தப் பாதுகாப்பைத் தராது.

சீம்பாலில் கொழுப்பும் மிகுதி. எனவே அது கன்றுக்கு மருந்தும் எரிபொருளும் ஆகிறது. முதல் இரண்டு மணி நேரத்திற்குள் கன்று குடிப்பது நல்லது. குளிரில் விறைத்த கன்றுக்கு எழுந்து நிற்க வலுவில்லை. நிற்காததால் குடிக்க முடியவில்லை. குடிக்காததால் மேலும் விறைக்கிறது. இந்தச் சுழலை எவ்வளவு விரைவில் அறுக்க முடிகிறது என்பதே புயல் நேரப் பணியின் சாரம்.

புயலுக்கு முன்

வானிலை அறிவிப்பு வந்ததும் பண்ணையில் வேலை தொடங்குகிறது. ஈனும் நிலையில் உள்ள பசுக்களும் கிடாரிகளும் வீட்டுக்கு அருகிலுள்ள அடைப்புக்கு ஓட்டிவரப்படுகின்றன. ஈன்றுவிட்ட பசுக்கள் கன்றுகளுடன் மரங்களோ மேட்டு நிலமோ மறைக்கும் இடத்திற்கு மாற்றப்படுகின்றன. கன்றுகள் மட்டும் நுழையக்கூடிய தாழ்வான கொட்டகைகளில் வைக்கோல் தடிப்பாகப் பரப்பப்படுகிறது.

காற்றுத் தடுப்பு முதன்மையான ஏற்பாடு. பலகைத் தடுப்புகளை முழுவதும் அடைத்துக் கட்டுவதில்லை. ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி விடுவர். முழுதாக அடைத்த சுவரின் பின்னே காற்று சுழன்று பனியைக் கொண்டுவந்து குவித்துவிடும். இடைவெளியுள்ள தடுப்பு காற்றின் வேகத்தை மட்டும் உடைக்கிறது. மரவரிசைகளும் இதே பணியைச் செய்கின்றன. 1934இல் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட் காலத்தில், மண் அரிப்பைத் தடுக்கத் தொடங்கப்பட்ட திட்டத்தின் கீழ் வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சஸ் வரை 1942க்குள் ஏறத்தாழ 22 கோடி மரங்கள் நடப்பட்டன. அவ்வாறு வளர்ந்த மரவரிசைகள் மாடுகளுக்கும் அரணாயின.

தீனியிலும் கவனம் வேண்டும். பசுவின் உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பெண் இட்டுக் கணிப்பது வழக்கம். ஈனும்போது 5 அல்லது 6 இருப்பது நல்லது. இளைத்த பசு குறைந்த சீம்பாலையே தரும். அதன் கன்றும் எழுந்து நிற்கத் தாமதமாகும். புயலன்று அள்ளிப்போடும் உலர்புல் இதை ஈடுசெய்யாது. குளிர்காலம் முழுவதும் போட்ட தீனிதான் அன்று பேசும்.

கனடாவின் மனிட்டோபாவைச் சேர்ந்த கோனஃபால் என்ற மாடு வளர்ப்பாளரின் பெயரால் அறியப்படும் ஒரு முறையும் பரவலாக உள்ளது. ஈனும் பருவத்திற்கு ஒரு மாதம் முன்பிருந்தே பசுக்களுக்குக் காலைத் தீனியை நிறுத்தி, நண்பகலையொட்டி ஒருமுறையும் இரவு பத்து மணியையொட்டி ஒருமுறையும் தீனி போடுவது இம்முறை. இதனால் பகலில் ஈனும் பசுக்களின் பங்கு கூடுகிறது. மாலையில் ஒரே வேளையாகத் தீனி போடுவதும் இதே பலனைத் தருகிறது. கடுங்குளிரான பின்னிரவில் பிறக்கும் கன்றுகள் குறைந்தால் இழப்பும் குறையும்.

புயல் இரவில்

பருவம் முழுவதும் கிடாரிகளை இரண்டு அல்லது மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை பார்வையிட வேண்டும். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் ஆகியோர் இரவை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். இப்போது கொட்டகைகளில் ஒளிப்படக் கருவி பொருத்தி, வீட்டிலிருந்தே கண்காணிப்போரும் உண்டு. ஆனால் புயலில் மின்சாரம் நின்றுவிட்டால் கைவிளக்குடன் நடந்துதான் போக வேண்டும்.

கொட்டகையில் தாயும் கன்றும் மட்டும் தங்கும் சிறு அறைகள் உள்ளன. பிறந்த கன்று உலர்ந்து, பால் குடித்து, தாயோடு பழகியதும் அந்த அறை அடுத்த பசுவுக்குத் தேவைப்படும். கன்றின் தொப்புளில் அயோடின் தடவி, தாயின் எண்ணையே கன்றுக்கும் காது வில்லையாக இட்டு, பிறந்த நாளையும் பாலினத்தையும் சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதுவர். இரவு முறை மாறும்போது அடுத்தவர் முதலில் பார்ப்பது அந்தக் குறிப்பேட்டைத்தான்.

கடும்புயலில் இருவகை ஆபத்துகள் உண்டு. மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி, அது தள்ளும் திசையிலேயே நடக்கத் தொடங்கும். வேலி எதிர்ப்பட்டால் அங்கே நெருக்கியடித்து நிற்கும். குவிந்த பனி வேலியை மூடிவிட்டால் அதன்மேல் ஏறிக் கடந்தும் போகும். இரண்டாவது, வீசும் நுண்பனி மூக்கையும் வாயையும் சுற்றி உறைந்து மூச்சை அடைப்பது. பெரிய மாடுகளும் இவ்வாறு இறக்கின்றன.

மனிதருக்கும் ஆபத்து குறைவன்று. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத வெண்மையில், வீட்டுக்கும் கொட்டகைக்கும் இடையே வழி தவறுவது எளிது. எந்த நேரத்தில் மாடுகளைத் தேடுவதை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பது, பண்ணைக் குடும்பத்தின் கடினமான முடிவுகளில் ஒன்று.

விறைத்த கன்றை மீட்டல்

கன்றின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.6 பாகை செல்சியஸ். 37.8க்குக் கீழே குறைந்தால் அது வெப்பக் குறைவின் தொடக்கம், 34.4க்குக் கீழே கடும் நிலை. வெப்பமானி கையில் இல்லாதபோது கன்றின் வாயில் விரலை விட்டுப் பார்ப்பர். வாய் வெதுவெதுப்பாக இருந்து, விரலைச் சப்பினால் நல்லது. வாய் சில்லிட்டு, சப்பும் முயற்சி இல்லாவிட்டால் உடனே செயற்பட வேண்டும். நடுக்கம் நின்றுவிடுவது குணமானதன் அடையாளம் அன்று. உடல் தோற்றுவருவதன் அடையாளம்.

மீட்கும் வழிகள் எளியவை. லேசான நிலையில் துண்டால் தேய்த்து உலர்த்தி, சுமையுந்தின் முன்னறையில் சூடான காற்றுப் படும்படி கிடத்துவர். வெப்பக் காற்று சுழலும் கன்றுப் பெட்டிகளும் உள்ளன. கடும் நிலையில் 38 முதல் 42 பாகை வெந்நீரில், தலையை மேலே பிடித்தபடி, உடல் வெப்பம் திரும்பும்வரை அமிழ்த்தி வைப்பர். வீட்டுக் குளியல் தொட்டியே இதற்குப் பயன்படுவது பல பண்ணை வீடுகளில் வழக்கம். பிறகு மயிர் முழுதும் உலரும்வரை துடைக்க வேண்டும்; ஈரத்துடன் வெளியே விட்டால் செய்ததெல்லாம் வீண்.

உறிஞ்ச முடியாத கன்றுக்கு உணவுக்குழாய் வழியே குழல் செலுத்திச் சீம்பால் ஊட்டுவர். தாயிடம் கறக்க முடியாவிட்டால், முன்பே உறைய வைத்த சீம்பாலை வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்குவர். 50 பாகைக்கு மேல் சூடேற்றினால் எதிர்ப்பொருள்கள் கெட்டுவிடும். இவ்வளவுக்குப் பிறகும் சில கன்றுகளின் காது நுனியும் வால் நுனியும் உறைபனியால் கருகி உதிர்ந்துவிடும். குட்டைக் காதுடன் மேயும் மாடு, பிறந்த இரவில் எப்படிப்பட்ட புயல் வீசியது என்பதை வாழ்நாள் முழுவதும் காட்டிக்கொண்டிருக்கும்.

கன்றை இழந்த தாய்

புயல் ஓய்ந்த காலையில் கன்றை இழந்த பசுக்களும், தாயை இழந்த கன்றுகளும் மிஞ்சுவதுண்டு. பசு தன் கன்றை முதன்மையாக மணத்தால் அறிகிறது. பிற கன்றை முட்டித் தள்ளும். எனவே இறந்த கன்றின் தோலை உரித்து, தாயற்ற கன்றின் முதுகில் சட்டைபோலப் போர்த்திவிடுவர். தன் கன்றின் மணம் வருவதால் பசு ஏற்றுக்கொண்டு பால் கொடுக்கும். சில நாட்களில் தோலை அகற்றிவிடலாம். தமிழ்நாட்டில் இறந்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்துப் பசுவின்முன் நிறுத்திப் பால் கறந்த பழைய வழக்கமும் பசுவின் இதே இயல்பை நம்பியதுதான். சமவெளிப் பண்ணையில் நோக்கம் வேறு. அங்கே பால் கறவைக்கன்று, உயிருள்ள இன்னொரு கன்றுக்குப் போகிறது.

புயலுக்குப் பின் வரும் நோய்

பனி உருகியதும் அடைப்பு சேறாகிறது. நெருக்கமாக அடைக்கப்பட்ட மாடுகளின் சாணத்தில் நோய்க்கிருமிகள் பெருகுகின்றன. ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ், ஈ. கோலை பாக்டீரியா, கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி ஆகியவை கன்றுக் கழிச்சலை உண்டாக்குகின்றன. நீரிழப்பால் கன்றுகள் ஓரிரு நாட்களில் இறந்துவிடக்கூடும். புயலில் போதிய சீம்பால் குடிக்காத கன்றுகளே முதலில் நோயில் விழுகின்றன. புயலால் நேரும் இழப்பு, புயல் முடிந்த பின்னும் தொடர்கிறது.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய மணற்குன்று முறை இதற்கு ஒரு தீர்வைத் தந்தது. முதல் இரண்டு வாரம் எல்லாப் பசுக்களும் ஒரு புல்வெளியில் ஈனுகின்றன. பிறகு இன்னும் ஈனாத பசுக்களை மட்டும் புதிய புல்வெளிக்கு ஓட்டிச் செல்கின்றனர். அதன்பின் வாரந்தோறும் இவ்வாறே செய்கின்றனர். இதனால் ஒவ்வொரு புல்வெளியிலும் ஏறத்தாழ ஒரே வயதுக் கன்றுகளே இருக்கும். முன்பு பிறந்த கன்றுகள் பரப்பும் கிருமிகள் புதிய கன்றுகளை எட்டுவதில்லை.

வரலாற்றில் சில புயல்கள்

1886 கோடையில் வறட்சியால் புல் குறைந்தது. மேய்ந்த மாடுகளோ மிக அதிகம். தொடர்ந்து வந்த 1886–87 குளிர்காலத்தில் வடக்குச் சமவெளியில் மாடுகள் பெருந்தொகையாக மடிந்தன. பின்னாளில் குடியரசுத் தலைவரான தியோடர் ரூசவெல்ட்டும் டகோட்டாவில் தம் மந்தையின் பாதிக்கு மேல் இழந்தார். ஓவியர் சார்லஸ் ரசல், எலும்பும் தோலுமாகப் பனியில் நிற்கும் ஒற்றை மாட்டைச் சிறு அட்டையில் வரைந்து காட்டியது இக்காலத்தின் அடையாளமாயிற்று. மாடுகளைத் திறந்தவெளியில் விட்டுவிட்டு வசந்தத்தில் திரட்டும் பழக்கம் அதன்பின் தேய்ந்தது. குளிர்காலத்திற்கு உலர்புல் சேமிப்பதும், வேலியிட்டு அளவான மந்தை வைப்பதும் பரவின.

1966 மார்ச் 2 முதல் 5 வரை டகோட்டா மாநிலங்களைத் தாக்கிய புயலில் பல்லாயிரம் கால்நடைகள் இறந்தன. 2019 மார்ச் 13, 14 நாட்களில் மிக வேகமாக அழுத்தம் குறைந்து உருவான புயல், நெப்ராஸ்காவின் மேற்கில் பனிப்புயலாகவும் கிழக்கில் வெள்ளமாகவும் வந்தது. உறைந்த தரையில் விழுந்த மழை மண்ணுக்குள் இறங்காமல் ஆறுகளில் பாய்ந்தது. நையோபிரரா ஆற்றின் ஸ்பென்சர் அணை உடைந்தது. அது கன்று ஈனும் பருவத்தின் உச்சமாகும். 2022 ஏப்ரல் நடுவில் வடக்கு டகோட்டாவில் மூன்று நாட்கள் நீடித்த புயலும் கன்றுகளுடன் இருந்த மந்தைகளையே தாக்கியது.

இழப்பும் ஈடும்

இறைச்சி மாட்டுப் பசு ஆண்டுக்கு ஒரு கன்றைத்தான் தருகிறது. கன்று இறந்தால் அந்தப் பசுவுக்கு ஓராண்டு போட்ட தீனிக்கு வருவாய் இல்லை. 2013 அக்டோபரில் தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியைத் தாக்கிய புயலில் பல்லாயிரம் மாடுகள் இறந்தபோது, அரசின் கால்நடை இழப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் இல்லை. 2014ஆம் ஆண்டு வேளாண் சட்டம் அதை நிலையான திட்டமாக்கி, முந்தைய இழப்புகளுக்கும் பொருந்தச் செய்தது. இயல்பான இறப்பு அளவைத் தாண்டி இறந்த கால்நடைகளுக்குச் சந்தை மதிப்பில் 75 விழுக்காடு வழங்கப்படுகிறது. இதற்கு இறப்புகளைச் சான்றுடன் காட்ட வேண்டும். அதனால் புயல் ஓய்ந்ததும், உயிருள்ளவற்றைக் காக்கும் வேலையோடு இறந்தவற்றை எண்ணிப் படமெடுக்கும் வேலையும் சேர்ந்துகொள்கிறது.

பருவத்தை மாற்றுதல்

புயலோடு போராடுவதற்குப் பதிலாக, ஈனும் காலத்தையே தள்ளிவைக்கலாம் என்ற கருத்தும் வலுப்பெற்று வருகிறது. ஆகஸ்ட் முதல் நாள் காளைகளை விட்டால் மே இரண்டாம் வாரத்தில் கன்றுகள் பிறக்கத் தொடங்கும். தரையில் புல் இருக்கும்; வெயில் இருக்கும்; உலர்புல் செலவும் இரவுக் காவலும் குறையும். மானும் காட்டெருமையும் இக்காலத்தில்தான் ஈனுகின்றன என்று இதை ஆதரிப்போர் சுட்டிக்காட்டுகின்றனர். நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் தன் மணற்குன்று ஆய்வுப் பண்ணையில் முன்பருவ ஈனுதலையும் பின்பருவ ஈனுதலையும் ஒப்பிட்டு ஆராய்ந்துள்ளது.

இதற்கும் விலை உண்டு. இலையுதிர் கால விற்பனையின்போது கன்றுகள் இளையவையாக, எடை குறைந்தவையாக இருக்கும். மீண்டும் சினையாக வேண்டிய ஆகஸ்ட் மாதத்தில் புல் முற்றிச் சத்துக் குறைந்துவிடும். பயிர்வேலையும் அதே நேரத்தில் வந்து நிற்கும். எனவே சில பண்ணைகள் மே மாதத்திற்கு மாறிவிட்டன; சில பண்ணைகள் ஏப்ரலுக்கு நகர்ந்து நடுவழி கண்டன; பல பண்ணைகள் மார்ச்சிலேயே தொடர்கின்றன. தீனி, ஆட்கள், கொட்டகை, சந்தை ஆகிய நான்கையும் எடைபோட்டு, ஒவ்வொரு கோடையிலும் காளைகளை அவிழ்த்துவிடும் நாளைப் பண்ணைக் குடும்பம் முடிவு செய்கிறது. அடுத்த மார்ச் மாத இரவில் எத்தனை முறை எழுந்து கொட்டகைக்குப் போக வேண்டும் என்பதும் அந்த நாளிலேயே பெருமளவு முடிவாகிவிடுகிறது.